பேராதனையில் ஒரு பகல்



சென்ற வருடம் ஒரு நாள், இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் நாவுல ஊர்ச் சகோதரர் ஒருவர் என்னை நிறுத்தினார். “ஹஸரத், மகளுக்குப் பேராதனை கெடச்சிருக்கு. அங்கேயே தங்கிப் படிக்கணுமாம். அனுப்புறதா, வேணாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வேறொரு தகப்பன் இதே கேள்வியைக் கேட்டார். அந்த இடத்தைக் கண்ணாலும் காணாமல், “பெண் பிள்ளை, வீட்டோடு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டது. இந்த முறை பார்த்துவிட்டுத்தான் பேசுவது என்று முடிவு செய்தேன்.

ஸுபஹுத் தொழுதுவிட்டு நானும் அந்தச் சகோதரரும் பஸ் ஏறினோம். நாலந்தை, பலாபத்வெல, மாத்தளை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை கடந்து கண்டி. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பேராதனை. கலஹா சந்தியில் இறங்கினால் ஒரு பக்கம் ஹந்தானை மலை, மறுபக்கம் மகாவலி கங்கை. இடையில் மரங்களுக்குள் ஓர் ஊரே இருக்கிறது. அந்த வளவுக்குள்ளேயே ‘சரசவி உயன’ என்ற ரயில் நிலையமும் உண்டு.

இந்த நாட்டின் பல்கலைக்கழகக் கல்வி 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. பட்டம் கொடுத்தது லண்டன் பல்கலைக்கழகம். 1942இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜென்னிங்ஸ் கேம்பிரிஜ்ஜில் படித்தவர். மாணவரும் ஆசிரியரும் ஒரே வளவில் வாழ்ந்தால்தான் கல்வி முழுமை பெறும் என்பது அவர் எண்ணம். 1952இல் பேராதனைக்கு மாற்றம் தொடங்கியது. 1954இல் எலிசபெத் மகாராணியார் வந்தபோது திறப்பு விழா நடந்தது.

வாசகர்களே, தங்கிப் படிப்பது நமக்குப் புதியதா? பக்தாதின் நிஸாமிய்யாவும் முஸ்தன்ஸிரிய்யாவும் மாணவருக்கு இடமும் உணவும் கொடுத்த கலாசாலைகள். அல்அஸ்ஹரின் ‘ரிவாக்’குகளில் பல தேசத்துப் பிள்ளைகள் தங்கி ஓதினார்கள். நானும் அரபுக் கல்லூரியில் பெட்டியும் பாயுமாக வருடக்கணக்கில் கிடந்தவன்தானே!

விடுதிகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தோம். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, சங்கமித்தா, ஹில்டா ஒபயசேகர. ஓரிடத்தில் ‘அக்பர்–நெல்’ என்றிருந்தது. அக்பர் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த மலாய் முஸ்லிம். நெல் ஒரு பறங்கி வைத்தியர். கங்கையைக் கடந்து பொறியியல் பீடத்துக்குப் போகும் நடைபாலமும் அக்பரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரின் பெயரும் அந்தக் கட்டடங்களில் இருக்கிறது. அனுபவிக்க வேண்டிய பிள்ளைகளை மட்டும் நாம் வீட்டில் வைத்துக்கொள்வதா?

பெண்கள் விடுதியில் வெளியார் அறைப்பக்கம் போக முடியாது. வாசலருகே அமர்ந்து, பொறுப்பாக இருந்த அம்மையாரிடம் கேட்டோம். ஓர் அறையைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். மாலையில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஆரம்ப காலத்தில் மேசையில் பரிமாறி உண்ட வசதி இன்று இல்லை. சிற்றுண்டிச்சாலையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் இடத்தில் எல்லா வருடமும் எல்லோருக்கும் விடுதி கிடைப்பதில்லை. வெளியே அறை எடுக்க வேண்டி வரலாம். அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் கைகொடுக்கிறது.

பகிடிவதை பற்றியும் அந்தச் சகோதரர் மறைக்காமல் கேட்டார். அது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1997இல் இங்கே ஒரு பொறியியல் மாணவர் அதனால் உயிரிழந்தார். 1998இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. சட்டம் மட்டும் போதாது. பிள்ளை பயமின்றி வீட்டில் வாய் திறந்து சொல்லும் உறவு வேண்டும். “என்ன நடந்தாலும் வாப்பாவிடம் சொல்லு” என்பதுதான் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டிய முதல் சாமான்.

லுஹருக்கு வளவுப் பள்ளிவாசலுக்குப் போனோம். இளைஞர்கள் வுழூச் செய்துகொண்டிருந்தார்கள். தொழுகைக்குப் பின் ஒரு மாணவர், முஸ்லிம் மஜ்லிஸ் என்ற மாணவர் அமைப்பு புதியவர்களுக்கு உதவுவதை விளக்கினார். அரபும் இஸ்லாமிய நாகரிகமும் கற்பிக்கும் துறை அங்கே இருப்பது நீங்கள் அறிந்ததே. பின்னாளில் ஜாமிஆ நளீமிய்யாவை வழிநடத்திய கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி அவர்களும் பேராதனையில் அரபு படித்தவரே.

திரும்பும் வழியில், “இப்ப சொல்லுங்க ஹஸரத்” என்றார் அந்தச் சகோதரர். நான் சொன்னேன்: “பேராதனை பிள்ளைக்குத் தொழுகையைக் கொடுக்கவும் மாட்டாது, பறிக்கவும் மாட்டாது. பதினெட்டு வருடம் நீங்கள் கொடுத்ததுதான் அந்த அறையில் அவளோடு இருக்கும். கொடுத்திருக்கிறீர்களா?” அவர் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, “அல்ஹம்துலில்லாஹ், கொடுத்திருக்கேன்” என்றார். “அப்படியானால் அனுப்புங்கள்” என்றேன்.

அந்தப் பிள்ளை இப்போது அங்கே படிக்கிறது.

கல்வி தேடுவதைக் கடமையாக்கிய நபிமொழியை எத்தனையோ ஜும்ஆக்களில் ஓதியிருக்கிறேன். பார்க்காத இடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை அந்த ஒரு பகல்தான் எனக்குக் கற்றுத்தந்தது. அன்று நான் தடுத்த பிள்ளை இன்று மூன்று குழந்தைகளின் தாய். அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் என் மீது இருந்தது. போன ரமழானில் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, “என்ட மகள் படிக்கக்குள்ள வந்து சொல்லுங்க ஹஸரத்” என்றாள்.

இன்ஷா அல்லாஹ், சொல்வேன். நீங்களும் யாராவது கேட்டால், ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.