வெறுமையாக விடப்படும் பிற்பகல்

கணித ஆய்வுக்குப் பெரும் கருவிகள் தேவையில்லை. கரும்பலகை, நல்ல நூலகம், அதே சிக்கலை வேறொரு வழியில் அணுகிப் பார்த்த இன்னொருவர் ஆகியவை இருந்தால் பெரும்பாலும் போதும். இவற்றுள் கடைசியாகச் சொன்னவரை வேறொரு நாட்டிலிருந்து வரவழைத்து, உரிய ஆளுக்கு அருகில் அமரவைப்பதே பன்னாட்டுக் கூட்டாய்வுக்குத் துணைநிற்போரின் தொழில்.

இத்தொழிலுக்குப் புதியவர்கள், பயிலரங்கின் ஒவ்வொரு மணிநேரத்தையும் உரைகளால் நிரப்பிவிட்டால் செலவிட்ட பணத்துக்குக் கணக்குக் காட்டிவிடலாம் என்று நம்புவது இயல்பே. ஆனால் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1944-இல் தொடங்கப்பட்ட ஓபர்வோல்ஃபாக் கணித ஆய்வு நிறுவனத்தின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே உணவு மேசையில் யார் அருகே யார் அமர்வது என்பது பெயரெழுதிய கைத்துடைப்பு உறைகளைக் கலைத்துப் போட்டு முடிவு செய்யப்படுகிறது. புதன்கிழமைப் பிற்பகல் காட்டு நடைக்கென ஒதுக்கப்படுகிறது. மூத்த பேராசிரியரை அணுகத் தயங்கும் இளம் ஆய்வாளருக்கு அவர் பக்கத்து இருக்கை தானாகவே வாய்க்கிறது. உரையின்போது கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி நடையின்போது வெளிவருகிறது. இதைத் தற்செயல் என்று பார்வையாளர் கருதலாம். உண்மையில் அது திட்டமிட்டுத் திறந்துவைக்கப்பட்ட தற்செயல்.

விசாவுக்கான அழைப்புக் கடிதமும் பயணச்சீட்டும் அலுப்பூட்டும் வேலைகளே என்றாலும், கடிதம் பிந்தினால் இருக்கை காலியாகும் என்பதால், இவற்றைக் கணிதத்துக்குப் புறம்பானவை என்று ஒதுக்குவது தவறு.

இவற்றைவிடக் கடினமானது, வந்தவர் ஊர் திரும்பிய பின்பு நேர்வது. 1951-இல் லாகூர் திரும்பிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம், ஆய்வுத் துணையற்ற தனிமையை அங்கே உணர்ந்து, 1954-இல் கேம்பிரிட்ஜுக்கு மீண்டார். பிற்காலத்தில் வேறெவரும் அத்தகைய தனிமைக்கு ஆளாகக் கூடாதெனக் கருதி, 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் கோட்பாட்டு இயற்பியலுக்கான பன்னாட்டு மையத்தை நிறுவினார். நாளடைவில் கணிதத்தையும் அரவணைத்துக்கொண்ட அம்மையத்தின் இணை உறுப்பினர் திட்டம், வளரும் நாட்டு ஆய்வாளர் தம் நாட்டுப் பணியை விடாமலே சில ஆண்டுகளுக்குள் பலமுறை வந்து தங்கிச் செல்ல வழிசெய்கிறது. முதல் வருகையில் அறிமுகமும் அரைகுறைத் தேற்றமும் கிடைக்கும். நிரூபணத்தில் உள்ள ஓட்டை பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே கண்ணில் படும். ஆகவே, தேர்ந்த ஏற்பாட்டாளர் விருந்தினரை வழியனுப்பும் முன்பே அடுத்த வருகைக்கான மாதத்தைக் குறித்துக்கொள்கிறார்.