இஞ்சியும் தேனும்

மது எமது இல்லத்துக்குப் புதியதன்று. லயத்துக் காம்பிராவில் எமது தந்தையாரோடு அது குடியிருந்தது. 46ஆம் வயதில் ஈரல் கெட்டு அவர் மறைந்தபோது அவரோடு போயிற்று. அப்பொழுது எமக்கு வயது 16. சுடலையிலிருந்து திரும்பிய அன்று மாலை, அது எமது நாவில் என்றும் படாது என அன்னையாருக்கு வாக்களித்தோம். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற ஆண்டுகளிலும், மாத்தளைக்கு ஆசிரியராகத் திரும்பிய பின்னரும், அவ்வாக்கு வழுவியதில்லை. சென்ற டிசெம்பர் விடுமுறையில் வழுவிற்று. அதுவும் அன்னையாரின் கண்ணெதிரே, அவர் சொற்படியே வழுவிற்று.

இலண்டனில் ஓர் உணவு விடுதியின் சமையலறையில் வேலை செய்யும் எமது மாமன் மகன் ஊர் வந்திருந்தான். எமக்கென்று அவன் கொணர்ந்த பொருள் ஒரு பழுப்பு நிறப் போத்தல். பண்டைய முறையைத் தழுவி, இஞ்சியும் தேனும் சேர்த்து வடித்த பியர் என்று அதன்மேல் ஒட்டிய தாள் பேசிற்று.

“ஒங்களுக்குத்தான் பழசுன்னா உசிராச்சே மச்சான். இது பழங்காலத்து பியர். ஒரு வாய் குடிச்சிப் பாருங்க” என்றான்.

நாம் மறுத்தோம். அன்னையார் போத்தலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்னா தம்பி போட்டிருக்கு?”

“பார்லி, இஞ்சி, தேன், அத்தை.”

“இஞ்சியும் தேனும் சளிக்குக் குடுக்கிறதாச்சே. வெல என்னா?”

அவன் சொன்னான். அன்னையார் அதை ரூபாயாக்கக் கேட்டு, சற்று நேரம் விரல்விட்டு எண்ணினார். 31 ஆண்டுகள் கொழுந்து பறித்த கை அது. “ஒரு நாப் பேருக்கு மேல போகுது” என்றார். பிறகு எம்மை நோக்கி, நாம் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்:

“ஒங்கப்பா இதுல என்னத்தக் கண்டாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. நீ படிச்சவன். ஒரு வாய் குடிச்சிப் பாத்து எனக்குச் சொல்லு.”

ஆசிரியராகி 11 ஆண்டுகளில் எம்மிடம் கேட்கப்பட்ட வினாக்களுள் இதனினும் கடினமானது பிறிதில்லை.

அருந்தினோம். நிறம், நீர் கலந்த கித்துள் பாணியை ஒத்திருந்தது. இஞ்சி முதலில் மூக்கைத் தொட்டுப் பின்னர் தொண்டையில் நின்றது. தேனோ இனிக்கவேயில்லை. அதன் மணம் மட்டும், தொலைவில் பூத்த மரம்போல, எங்கோ இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. மதுவம் என்று எமது விஞ்ஞானப் பாடநூல்கள் கூறும் நுண்ணுயிர் தேனிலுள்ள வெல்லத்தை ஏறக்குறைய முழுதும் தின்று மதுவாக்கிவிடுகிறது. இனிமையை அது கொள்கிறது. மணத்தை எமக்கு விடுகிறது. இறுதியில் ஒரு மெல்லிய கைப்பு எஞ்சிற்று. குறைகூற வேண்டுமென்பதற்காகக் குறைகூறுதல் அறமன்று. பானம் நன்றாகவே இருந்தது. ஆயினும் அன்னையாருக்குச் சொல்லத்தக்க விடை ஒன்றும் அந்தக் குவளையிற் கிட்டவில்லை.

இத்தகைய ‘பண்டைய’ பியர்கள் இக்காலத்தில் மேனாடுகளில் ஒரு நாகரிகமாகி வருகின்றன. துருக்கியிலுள்ள கோர்டியன் என்னும் இடத்தில், மைடாஸ் மன்னன் குலத்தாரது எனக் கருதப்படும் ஈமக்குழி ஒன்று 1957இல் அகழப்பட்டது. அங்குக் கிடைத்த கலங்களின் அடியிற் படிந்திருந்த கசடைப் பின்னாளில் பட்ரிக் மக்கவர்ன் என்னும் அறிஞர் ஆராய்ந்து, தேனும் பார்லியும் திராட்சையும் கலந்த பானம் அவற்றில் இருந்ததெனக் கண்டார். அதனைத் தழுவி ஓர் அமெரிக்க வடிசாலை 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பியர் செய்து மன்னன் பெயராலேயே விற்கத் தொடங்கிற்று. ஆராய்ச்சி போற்றத்தக்கது. ஆனால் அதே பழமைக்கு வேறொரு சான்றும் உண்டு. மெசப்பொத்தேமியாவில் வேலையாட்களுக்குப் படியாக அளந்த பியரின் கணக்கு, ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்னர் களிமண் பலகைகளிற் பொறிக்கப்பட்டது. அத்தகைய பலகையொன்று எமது மைத்துனன் வாழும் இலண்டனிலேயே, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்னனின் ஈமவிருந்து போத்தலின் மேல் ஏறிவிட்டது. கூலியாளின் படிக்கணக்கைப் போத்தலில் ஒட்டி விற்போர் இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை.

பழமை என்றதும் எமக்கு நினைவு வருவது எமது வகுப்பறை. குறளில் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையையும் கற்பிக்கிறோம். அதியமானைப் பாடிய ஒளவையாரையும் கற்பிக்கிறோம். சிறிதளவு கள்ளே கிடைக்குமாயின் அதனைத் தான் உண்ணாது புலவர்க்கே ஈந்த வள்ளல் அவன் என்று கூறியபோது, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, “அப்ப ஒளவையார் குடிச்சவவா சேர்?” என்று கேட்டாள். வகுப்பு முழுதும் நகைத்தது. கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவன் மட்டும் நகைக்கவில்லை. அவன் கண்கள் புத்தகத்தை விட்டு எழவில்லை. அவன் வீட்டுச் செய்தியை நாம் அறிவோம். எமது பழைய முகத்தையே அவனிடம் கண்டோம். கண்டும், பாடவேளை முடிந்ததென்று வெளியேறினோம்.

இப்பொழுது எமது நூல்களில் உள்ள பியரைப் பற்றிச் சொல்லவேண்டும். கள் வேறு, பியர் வேறு. தென்னை, பனை, கித்துள் ஆகியவற்றின் சாற்றில் வெல்லம் இயல்பாகவே இருப்பதால் அது தானே புளித்துக் கள்ளாகிறது. தானியத்தில் இருப்பதோ மாப்பொருள். அது முதலில் வெல்லமாக மாறினாலன்றி நொதிக்காது. அம்மாற்றத்தை முளைத்த தானியம் செய்கிறது. இந்நுட்பத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சமையற்குறிப்பின் திருத்தத்தோடு அமைத்திருக்கிறார். குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற பிழாவில் ஆறவிடவேண்டும். முளைதானியத்தை இடித்த நல்லடையை அதில் கலக்கவேண்டும். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிரச்செய்து, விரலால் அலைத்துப் பிழியவேண்டும். இது அரிசியில் வடித்த பியரேயன்றி வேறில்லை. வலைஞர் குடியிருப்பில், வழிநடந்து வரும் பாணர்க்குச் சுட்ட மீனோடு இதனை அளிக்கிறார்கள். மலைநாட்டார் தேனை மூங்கிற் குழாயில் இட்டு முதிர்வித்த தேறலோ மலைபடுகடாத்தில் வருகிறது. தேறல் என்பதன் பொருள் தெளிவு.

இவற்றையெல்லாம் அன்று அன்னையாருக்கு விளக்கினோம். படித்த மகன் பழைய பெருமை பேசக் கேட்டு மகிழ்வார் என்று எண்ணினோம் போலும். அவர் கேட்டதோ ஒரே கேள்வி:

“அத யாருப்பா வித்தா?”

நாம் வாயடைத்துப்போனோம். பாடலின் அப்பகுதியில் விற்பவர் இல்லை. ஆக்குபவரும் உண்பவரும் விருந்தினருமே உள்ளனர். ஆனால் அதே உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில், கள் விற்குமிடத்தைக் காட்டும் கொடி பறக்கிறது. வீட்டுச் சாடியும் கடைக் கொடியும் ஒரே புலவர் கண்ட காட்சிகள். ஆகவே பழங்காலம் முழுதும் தூய்மையாயிருந்தது என்று நாம் கூற வரவில்லை. ஒருவன் தன் வீட்டுச் சாடியிலிருந்து வார்த்துக் கொடுப்பதற்கும், கொடியைக் கண்டு உள்ளே புகுந்தவனிடம் காசு வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை, எழுத்தறியாத எமது அன்னையார் எம்மைக் காட்டிலும் தெளிவாக அறிந்திருந்தார் என்பதையே கூறுகிறோம்.

அவர் எங்ஙனம் அறிந்தார்? சம்பள நாள் மாலைகளில் எமது கையைப் பற்றிக்கொண்டு தவறணை வாசலில் நின்று அறிந்தார். உள்ளே போகும் பணத்தில் பாதியையேனும் மீட்க அவர் நின்றார். தவறணைக்கும் கொடுக்க இயலாத காலத்தில், ஓடைக்கரையில் களவாகக் காய்ச்சிய கசிப்பு வந்தது. தந்தையாரின் ஈரலைத் தின்றது அதுவே.

தவறணை எமது மலைகளில் தானே முளைத்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் எமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். கோப்பித் தோட்டங்களுக்கென அவர்கள் வந்துகொண்டிருந்த அக்காலத்தில், சாராயம் விற்கும் உரிமையைக் குடியேற்ற அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டுவந்தது. அரசுக்கு அது பெருவருமானம். குத்தகைகாரருக்கு அது மூலதனம். இலங்கையின் புதிய செல்வர் வகுப்பு பெருமளவில் இந்தச் சாராயக் குத்தகையினாலேயே எழுந்தது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட தமது நூலில் விரித்துக் காட்டியிருக்கிறார். 1912இல் மதுவரிச் சட்டம் வந்து கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கத்தினர் எதிர்த்து நின்றனர். குடிப்பவனை இழித்துரைப்போர் என்றும் உண்டு. அவன் குடித்த காசு எங்கெங்கே மாளிகையாயிற்று என்று கேட்டோர் சிலரே.

கவ்வாத்துக் கத்தி பிடித்த கை எமது தந்தையாரின் கை. மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு, பத்தடிக் காம்பிராவுக்குத் திரும்புவார். அங்கே ஆறு பேர். அவர் உட்காருவதற்கென்று ஓரிடம் அவ்வீட்டில் இருந்ததில்லை. தவறணையிலோ ஒரு வாங்கு இருந்தது. அங்கே அவரைப் பெயர்சொல்லி அழைத்தார்கள். தோட்டத்தில் அவர் ஓர் எண். அவர் செய்தது சரியென்று நாம் வாதிடவில்லை. அன்னையாரின் கன்னத்தில் விழுந்த அறைகளை நாம் மறக்கவுமில்லை, அவற்றுக்கு வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கவுமில்லை. எனினும் குறளைக் கூறி அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடுமா? அவர் குடித்தது சாராயம்; வாங்கியது ஒரு மணிநேர மனிதத்தன்மை. அதன் விலையை அன்னையாரும் நாமும் கொடுத்தோம்.

குவளையில் எஞ்சியதை மைத்துனன் குடித்து முடித்தான். இரவில் அன்னையார் மீண்டும் கேட்டார்: “சொல்லலியே, அதுல என்னா இருந்துச்சு?”

“அப்பா தேடினது அதுல இல்லம்மா” என்றோம். “ஒக்காற ஓர் எடம் தேடிப் போயிருக்காரு. அது தவறணையில மட்டும் கெடைச்சிருக்கு.”

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்த வாங்குல எனக்கும் ஓர் எடம் குடுத்திருந்தா நானும் ஒக்காந்திருப்பேன். நான் வாசல்லதான நின்னேன்” என்றார்.

எமது விடை பாதி விடையே என்பதை அப்பொழுது உணர்ந்தோம். தந்தையாரின் களைப்பை எண்ணிய நாம், அதே மழையில் அதே மலையேறி, வீடு திரும்பி அடுப்பும் மூட்டியவரின் களைப்பை எண்ணாது பேசியிருந்தோம். அவருக்குத் தவறணையும் இல்லை.

மறுநாட் காலை எமக்குத் தொண்டை கட்டியிருந்தது. கொல்லையில் பிடுங்கிய இஞ்சியைத் தட்டி, கொத்தமல்லியோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு கரண்டித் தேன் விட்டு அன்னையார் கொடுத்தார். இதில் தேன் இனித்தது. அவரை எம்மருகே அமரச்செய்து, பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தோம். மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் உருத்திரங்கண்ணனாரின் இரு காட்சிகளையும், வீட்டுச் சாடியையும் கடைக் கொடியையும், கரும்பலகையில் அருகருகே எழுதினோம். அவற்றின் கீழ் அன்னையாரின் வினாவை எழுதினோம்: யார் ஆக்கினார், யார் விற்றார், யார் வாசலில் நின்றார்? கடைசி வாங்கு மாணவன் அன்று கண்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பலகையைப் பார்த்தான். கை உயர்த்தவில்லை. மணி அடித்த பின்னரும் அவன் எழுந்து போகாமல் இருந்ததைக் கண்டு, இம்முறை நாமும் வெளியேறாது அங்கேயே நின்றோம்.