ஒன்றரை ஆம்பியர்

தூத்துக்குடி என்றவுடன் முத்துக்குளிப்பையும் உப்பளங்களையும் துறைமுகத்தையும் வர்ணிப்பதே நம்மவர் சம்பிரதாயமாக இருந்துவருவதால், மில்லர்புரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொடுத்து ஜீவனம் நடத்தும் சிறு பட்டறையைப் பற்றி எழுதுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். 1,050 மெகாவாட் திறனோடு அனல் மின்நிலையம் அமைந்த ஊரில், ஒன்றரை ஆம்பியரை அடக்கியாளும் வித்தையைக் காணவே நான் அங்கே போயிருந்தேன்.

பட்டறையின் மூத்தவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய மேஜைமேல் கிடந்தது, இறால் பண்ணையில் தீவனம் தள்ளும் யந்திரத்தின் 12 வோல்ட் மோட்டார். கடற்காற்றின் ஈரத்தில் தீவனம் கட்டிபட்டுத் திருகு சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் காயில் கருகிவிடுகிறதென்று பண்ணைக்காரர் கொண்டுவந்து போட்டிருந்தார். ஓடுகிற மோட்டார், தன்னுள் பாயும் மின்சாரத்தை எதிர்க்கும் அழுத்தம் ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் அளவோடுதான் இழுக்கும். அச்சு நின்றுபோனாலோ அந்த எதிர்ப்பு அறவே மறைந்து, கம்பியின் சொற்ப மின்தடை ஒன்றே மிஞ்ச, 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் வரை பாய்ந்துவிடும். வார்னிஷ் கருகும் வாடையைக் கொண்டே இந்த அனர்த்தத்தை அறிந்துவந்த தலைமுறை அண்ணாச்சியுடையது.

அவரிடம் தொழில் பழகும் இளைஞர் இதற்குக் கண்டிருந்த பரிகாரம், இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ என்னும் குட்டிக் கணினிப் பலகையும், அதன்மேல் செருகப்பட்டு மோட்டாரை இயக்கும் மோட்டார் ஷீல்டும். ஷீல்டிலுள்ள எல்298 சில்லு ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியர் வரையே தாங்கும். ஆம்பியர் ஒன்றுக்கு 1.65 வோல்ட் வீதம் ஷீல்டு அறிவிப்பதை, ஆர்டுயினோ 0 முதல் 1023 வரையிலான எண்ணாக வாசிக்கிறது. இளைஞர் எல்லையாக வைத்துக்கொண்ட ஒன்றரை ஆம்பியருக்கு 506 என்பது கணக்கு. எண் அதைத் தாண்டினால் மோட்டாருக்கு விட்டுவிட்டுப் போகும் மின்துடிப்பின் அகலத்தைப் படிப்படியாகக் குறைப்பதும், இறங்கினால் பழையபடி ஏற்றுவதுமே புரோகிராமின் சாரம்.

இளைஞர் மரக்கட்டையைக் கொடுத்து அச்சை நிறுத்தினார். கணினித் திரையில் நூற்றுச் சொச்சமாக இருந்த எண் விறுவிறுவென்று ஏறி, 506-ஐ ஒட்டிப் பதவிசாக நின்றுவிட்டது. எனக்கும் பரம திருப்தி. அண்ணாச்சி மட்டும் திரையைப் பாராமல் மோட்டாரின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"ஏலே தம்பி, எண்ணு சொல்லுததுக்கு மேல சூடு ஏறுதே. சராசரி எடுத்தியோ?"

"ஆமா அண்ணாச்சி, 20 தடவை படிச்சு சராசரிதான்."

விஷயம் நுட்பமானது. துடிப்பு வினாடிக்குச் சுமார் 490 தடவை எழுந்து அடங்குகிறது; அது அடங்கியிருக்கும் க்ஷணங்களில், காயிலுக்குள் மின்சாரம் சுற்றிக்கொண்டேயிருந்தாலும், ஷீல்டில் அதை அளக்கும் மின்தடையின் வழியாக அது வருவதில்லையாதலால் வாசிப்பு பூஜ்யமாகிவிடுகிறது. அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துச் சராசரி கண்டால், காயில் உண்மையில் சுமப்பதைவிடக் குறைவான எண்ணே கிடைக்கும். புரோகிராம் எழுதத் தெரியாத அண்ணாச்சி, கை ஸ்பரிசத்தாலேயே இதைக் கண்டுபிடித்தது சாமான்யமான காரியமல்ல என்பது என் அபிப்பிராயம். நிபுணத்துவம் திரையில்தான் இருக்கிறதென்று நம்புகிறவர்கள் அந்தப் பட்டறைக்கு ஒருமுறை போய்வரலாம்.

20 வாசிப்புகளில் மிகப் பெரியதை, கார்பன் பிரஷ் தெறிக்கும் பொறியின் சேஷ்டையென்று தள்ளிவிட்டு, அடுத்த பெரியதை எடுத்துக்கொள்ளும்படி இளைஞர் அங்கேயே மாற்றி எழுதினார். மறுபடி அச்சை நிறுத்தியபோது மோட்டார் மெல்ல முனகியதேயன்றி, கை வைத்தால் பொறுக்கும் சூட்டோடு அடங்கியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு, பாட்டரிக் கம்பியில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைச் சேர்க்காமல் அண்ணாச்சி அந்த யந்திரத்தை வெளியே விடவில்லை. புரோகிராம் எங்கேனும் உறைந்து நின்றால், துடிப்பு கடைசியாக இருந்த அகலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது தடுப்பார் எவருமில்லை. வீட்டில் இந்தப் பரீட்சையைச் செய்துபார்க்க விரும்பும் வாசகர்கள், ஷீல்டு வாங்கும் அன்றே அந்த ஃப்யூஸையும் வாங்கிவிடவேண்டும்.