ஹெரால்டும் என் செல்லமும்

மாமனாரின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை மறுபடி ஓட வைக்கணுமென்று என் கணவருக்குப் பிடிவாதம். சென்னையில் தயாரான கார். 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்கா முறை! 948 சி.சி. இஞ்சினைப் பிரித்து, வால்வுகளில் பசை தடவித் தேய்த்தார். "அம்மியில் அரைக்கிற மாதிரியில்ல இருக்கு!" என்று நானும் கை கொடுத்தேன்.

பிறகு பாடி. உப்புத்தாளால் பழைய பெயிண்டைத் தேய்த்தார், வாசலெல்லாம் தூசி. எட்டு மாதப் பிள்ளை அதில் தவழ்ந்து விரலைச் சூப்பினான். எனக்குப் பகீரென்றது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது பிஞ்சு மூளையைக் கெடுக்கும். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். ரத்தப் பரிசோதனையில், நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது வாட்டர் பேப்பரில் ஈரமாகத்தான் தேய்க்கிறார். குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குகிறார். கார் மெதுவா தயாராகட்டுமே, சகோதரிகளே!