அறிவிப்புத் திருவிழா

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஜனங்கள் இரண்டு அறிவிப்புகளுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒன்று, கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை எப்போது திறக்கும் என்பது. மற்றொன்று, இனிமேல் என்னென்ன வீடியோ கேம்கள் வரப்போகின்றன என்பது. முதலாவதற்குக் காத்திருப்பவர்கள் சம்சாரிகள். இரண்டாவதற்குக் காத்திருப்பவர்களில் என் சிரஞ்சீவியும் ஒருவன்.

அமெரிக்காவில் 1995-ல் ஆரம்பித்த ‘இ-3’ என்ற வீடியோ கேம் கண்காட்சிக்கு 2023 டிசம்பரில் ஒரேயடியாக மங்களம் பாடிவிட்டார்கள். 2020-ல் தோன்றிய ‘சம்மர் கேம் ஃபெஸ்ட்’ அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. 2024-ல் இந்தத் திருவிழா நம் கடிகாரப்படி ஜூன் 8 அதிகாலை இரண்டரை மணிக்கு. வைகுண்ட ஏகாதசிக்குக்கூட எங்கள் பையன் அப்படிக் கண் விழித்ததில்லை.

விடிந்ததும், “என்னலே, என்னவெல்லாம் வருது?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லப்பா” என்றான்.

அந்த மேடையில் ஒரு நிமிஷ விளம்பரத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் கட்டணம் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அத்தனை செலவில் காட்டியவற்றில் பல, பழைய ஆட்டங்களின் தொடர்ச்சிகள். ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு குழுவினர் 2019-ல் அறிவித்த ‘சில்க்சாங்’ என்ற ஆட்டத்தைத்தான் பையன் எதிர்பார்த்திருந்தான். அதைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. நிண்டெண்டோ கம்பெனித் தலைவரோ, தங்கள் அடுத்த யந்திரத்தைப் பற்றி 2025 மார்ச்சுக்குள் அறிவிப்போம், ஜூனில் வாய் திறக்க மாட்டோம் என்று மே மாதத்திலேயே சொல்லிவிட்டார். அறிவிப்பைப் பற்றியே ஓர் அறிவிப்பு!

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ‘விரைவில் ஆரம்பம்’ என்று பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்களானால், எனக்கு ஜுரமானாலும் அத்தியாயம் போயாக வேண்டும். அறிவிப்பு என்பது கடன் பத்திரம் அல்லவா?

சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அணை திறக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லிரணும், சார்வாள். நாங்க நாத்துப் பாவாம இருந்துக்கிடுவோம். திறப்போம், திறப்போம்னு சொல்லிக்கிட்டே இருந்தா, பாவின நாத்து என்னத்துக்கு ஆகும்?” என்றார்.

முற்றிய நாற்றை நட்டால் பயிர் தூர் கட்டாது. இது வயல் பக்கம் போகாதவர்களுக்கும் தெரிந்த விஷயம். குழந்தைகளின் ஆசைக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு என்பதைத்தான் அந்தக் கம்பெனிக்காரர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

‘சில்க்சாங்’ ஒருவழியாக 2025 செப்டம்பரில் வெளிவந்தது. ஒன்பது வயசில் அந்த அறிவிப்பைக் கேட்டுக் குதித்தவன் இப்போது பத்தாம் வகுப்பு மாணவன். மேல் உதட்டில் லேசாக மீசை. ஒரு வாரம் விளையாடினான். பிறகு கணக்குப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டான்.

“எப்படிலே இருந்தது?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்குப்பா” என்றான்.

ஆட்டத்தின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால், அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதற்குத்தான் ஆறு வருஷம் ஆகியிருந்தது.