வெள்ளைக் கருவின் வேலை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. பெயர்ப்பலகை கிடையாது. கல்யாண வீட்டுக்காரர் வாய்வழி விசாரித்தே வந்து சேர்கிறார்கள். முன்னறை மேசையில், சனிக்கிழமைக் கல்யாணத்துக்குப் போகவேண்டிய ஐந்தடுக்குக் கேக் சரிகையும் ரோசாவுமாக நிற்கிறது. "தட்டிப் பாருங்கோ தம்பி, பயப்பிடாதேங்கோ" என்கிறார் வீட்டுக்காரி. அறுபதைத் தொட்டவர். வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வாடிக்கையாளருக்கும் அவர் அக்காதான். ஓரத்தில் விரலால் தட்டினேன். உள்ளே கேக் இல்லை, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டி.

இலங்கையில் கல்யாணக் கேக் என்றால் பெரும்பாலும் இரண்டு பொருள். ஒன்று ரவை, கஜு, பூசணி தோசி, இஞ்சிப் பாகு, பிளம்ஸ், பிராண்டி எல்லாம் சேர்ந்த ரிச் கேக். இரண்டு விரல் அகலத் துண்டாக வெட்டி, ஒயில் பேப்பரில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டு வந்தவர்கள் கையில் கொடுப்பார்கள். மற்றது வாடகைக்கு வந்து மண்டபத்தில் நிற்கும் 'ஸ்ட்ரக்சர்'. அக்கா வீட்டு ஸ்ட்ரக்சரில், மணமக்கள் கத்தி இறக்குவதற்கென்று கீழ்த்தட்டில் ஒரு பக்கம் மட்டும் நிஜக் கேக் பொருத்தியிருக்கும். மிச்சத்தை ரெஜிபோம் தாங்குகிறது. ஆனால் மேலே பூசியதும் தொங்குவதும் பூத்திருப்பதும் உண்மையான ரோயல் ஐசிங்: வெள்ளைக் கரு, ஐசிங் சீனி, சில துளி தேசிப் புளி. தேவாலயக் கல்யாணம் என்றில்லை. காலையில் ஐயர் வந்து தாலி கட்டுவித்த வீட்டின் மாலை வரவேற்பிலும், சாமத்திய வீட்டிலும் இந்தக் கோபுரம் நிற்கிறது.

இதை ஏமாற்று என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கலையைக் கொழும்புக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயரின் கதையைக் கொஞ்சம் கேட்கலாம். 1840 பெப்ரவரியில் விக்டோரியா மகாராணியின் கல்யாணக் கேக் ஏறத்தாழ 300 இறாத்தல். வெள்ளை ஐசிங்கின் பெருமை அந்தக் கல்யாணத்தோடு ஊரெல்லாம் பரவியது. சரியாக நூறு வருடம் கழித்து, 1940இல், யுத்தத்தில் சீனி தட்டுப்பட்டதும் கேக்குக்கு மேல் ஐசிங் போடுவதையே பிரித்தானியா தடைசெய்தது. லண்டன் மணமக்கள் என்ன செய்தார்கள்? ஐசிங் போலவே வெள்ளையாகச் சோடித்த காட்போட் மூடியை வாடகைக்கு எடுத்து, கையகலக் கேக் ஒன்றின் மேல் கவிழ்த்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியாத 1947இல் இளவரசி எலிசபெத்துக்கு ஒன்பது அடி உயரத்தில், 500 இறாத்தல் கேக் எழுந்தது என்றால், அதற்கான பொருட்கள் ஆஸ்திரேலியச் சாரணியர் கப்பலில் அனுப்பியவை. வாடகைக் கோபுரம் வெள்ளவத்தைக்காரர் கண்டுபிடித்த தந்திரமல்ல. லண்டனில் உள்ளே கேக், வெளியே காட்போட். இங்கே உள்ளே ரெஜிபோம், வெளியே ஐசிங். எது கூடுதல் நேர்மை என்று கேட்டால், கைவேலை தெரிகிற பக்கத்துக்கே நான் வாக்குப் போடுவேன்.

பின்னறைக்குப் போனால் கணக்கு விளங்குகிறது. ரிச் கேக் மஞ்சள் கருவைத் தின்னும் கேக். அக்காவின் அளவில் 25 மஞ்சள் கருவுக்கு 12 வெள்ளைதான் போகும். மிச்சம் 13 வெள்ளைக் கரு. அதில் ஒன்றிரண்டு, கேக்கின் மேல் ஒட்டும் கஜு பேஸ்ட்டைப் பிசைய ஆகும். சிக்கனமான சமையலறையில் மற்றதை வீசுவார்களா? ஒரு வெள்ளைக் கரு இருநூறு முதல் இருநூற்றைம்பது கிராம் ஐசிங் சீனியைத் தாங்கும். ஒரு கேக்கில் மிஞ்சியதை வைத்தே இரண்டரைக் கிலோ சீனியை ஐசிங்காக அடித்துவிடலாம்.

கஜு பேஸ்ட்டுக்கும் காரியம் இருக்கிறது. ரிச் கேக்கின் பட்டரும் பாகும் மெல்லக் கசிந்து வெள்ளை ஐசிங்கில் பழுப்புக் கறையாக ஊறும். அதைத் தடுக்கும் சுவர் அது. வெட்டிச் சாப்பிடும் கேக்கின் ஐசிங்கில் கொஞ்சம் கிளிசரின் விடுவார்கள், இல்லாவிட்டால் கத்தி வழுக்கும், பல்லும் நோகும். ஸ்ட்ரக்சருக்குக் கிளிசரின் கூடாது. அங்கே ஐசிங் கல்லாக இறுக வேண்டும்.

அடிக்கிற வேலை சுத்தத்தில் தொடங்குகிறது. பாத்திரத்தைக் கழுவித் துடைத்த பிறகும், வெட்டிய தேசிக்காயால் உள்ளே ஒரு சுற்றுத் தேய்க்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவின் ஒரு சொட்டோ கலந்தால், வெள்ளைக் கருவின் புரதம் காற்றைப் பிடித்து நிற்காது. எவ்வளவு அடித்தாலும் கூழ்தான். சீனியை நைசான அரிதட்டில் இரண்டு தரம் அரிக்கிறார்கள். கடுகளவு கட்டி போதும், மெல்லிய நொசிலை அடைத்துவிட. மிக்சரும் குறைந்த வேகத்தில்தான் ஓடுகிறது. வேகம் கூடினால் காற்றுக் கூடும். பார்க்கப் பஞ்சாகப் பொங்கும், காய்ந்தபின் பொருக்காக உதிரும். அடித்து முடித்ததும் ஈரத்துணி போட்டு மூடுகிறார்கள். மூடாமல் விட்டால் மேலே ஆடை கட்டிவிடும்.

இவ்வளவும் யாரும் பழகக்கூடியது. கை தேறியவர் யார் என்பது அடுத்த மேசையில் தெரிகிறது.

அங்கே இருப்பவர் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர், முப்பதுக்குள் வயது. இந்த வீட்டுக்குச் சமையல் உதவிக்கென்று வந்து, ஓய்வு நேரத்தில் தட்டத்தின் முதுகில் கோடு இழுத்து, வழித்து, மறுபடி இழுத்துப் பழகியவர். ஒயில் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் மிக மெல்லிய நொசிலைப் போட்டு, ஒரு கரண்டி ஐசிங்கை நிரப்புகிறார். நிரப்புமுன் அந்த ஐசிங்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் தட்டைக் கத்தியால் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்க்கிறார். உள்ளே ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழை உடைக்கத்தான். ஒரு குமிழ் வந்தால் இழை அந்த இடத்தில் அறுந்துபோகும்.

பிறகு நொசில் நுனியைத் தட்டின் ஓரத்தில் தொட்டு, உடனே இரண்டு அங்குலம் அப்பால் இழுக்கிறார். இழை அந்தரத்தில் நிற்கிறது. கை பக்கவாட்டில் நகர, இழை தன் பாரத்தில் தானே வளைந்து தொங்குகிறது. அடுத்த புள்ளியில் தொட்டு ஒட்டுகிறார். "கோடு போடக் கூடாதுண்ணே, தொங்க விடணும். நாம வளைச்சா கோணும், அதுவா வளைஞ்சா கோணாது" என்கிறார், கண்ணை எடுக்காமல். ஒரு சுற்று காய்ந்தபின் அதன் மேல் இன்னொரு சுற்று. ஜோசப் லாம்பெத் என்ற ஐசிங் கலைஞர் 1934இல் புத்தகமாகப் போட்ட முறை இதுதான்: இழைமேல் இழை அடுக்கி மேடு கட்டுவது. லாம்பெத்தின் பெயர் இந்த அறையில் யாருக்கும் தெரியாது. முறை மட்டும் கைவழி வந்திருக்கிறது.

தட்டையான பரப்பை நிரப்பும் ஐசிங் வேறு பதம். அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கத்தியால் ஒரு கீறு கீறிப் பார்க்கிறார்கள். பத்து எண்ணி முடிக்கையில் கீறல் மறைந்தால் சரி. அதற்கு முன்பே மறைந்தால் ஓரம் உடைத்து ஓடும், மறையாவிட்டால் பரப்பில் தழும்பு நிற்கும்.

உண்மையில் இங்கே எல்லாம் தண்ணீர்க் கணக்கு. கருவில் இருக்கும் நீர் சீனியைக் கரைக்கிறது. நீர் பறந்ததும் சீனி மணிமணியாக இறுகுகிறது. கொழும்பிலோ காற்று ஈரத்தை வாங்க மறுக்கிறது, ஈரப்பதம் 80 சதவீதத்தை அடிக்கடி தாண்டும். கடல் பக்கத்து ஜன்னலை அக்கா திறக்க விடுவதேயில்லை. மழை நாளில் ரோசா இதழ்கள் மறுநாளும் பச்சையாகவே கிடக்கும். மின்விசிறியும் மேசை விளக்குச் சூடும்தான் துணை. 2022இல் அதுவும் போயிற்று. அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. மிக்சர் பாதி அடியில் நின்றது. கையால் அடித்து முடித்தார்கள், ஆனால் காயவைக்க வழியில்லை. கரண்ட் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து நடுச்சாமத்தில் எழும்பி விசிறி போட்டதாக அக்கா சொல்கிறார். அடுத்த வருடம் முட்டைக்கே பஞ்சம். அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கி பேக்கரிகளுக்குக் கொடுத்தது. "பெயர்ப்பலகை இல்லாத வீட்டுக்கு ஆர் தருவினம்?" என்று கேட்டார். பதில் அவருக்கே தெரியும்.

பச்சைக் கருவில் சல்மொனெல்லா பயம் இருப்பதால், வாயில் போகும் எதற்கும் இப்போது பதப்படுத்திய வெள்ளைக் கருத் தூளைத்தான் கரைக்கிறார்கள். பச்சைக் கரு ஸ்ட்ரக்சருக்கு மட்டும்.

போட்டி ஃபொண்டன்டிடமிருந்து வருகிறது. சப்பாத்தி போல உருட்டி மேலே விரித்தால் அரை மணியில் கேக் மூடிவிடும், வழவழப்பும் கூட. இளம் ஜோடிகள் ஃபோனில் காட்டும் படங்கள் அநேகமாக அதுவே. அக்காவும் செய்து கொடுக்கிறார், ஆனால் மனமில்லாமல். எனக்கும் அந்த வழவழப்பு சலிப்பாகவே படுகிறது. அதில் யாருடைய கையையும் காணவில்லை. இழை வேலைக்கு இரண்டு நாள் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதைக் கேட்டதும் வாடிக்கையாளர் முகம் மாறுவதையும் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் வான் வந்தது. அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் ஏற்றி, மண்டபத்தில் போய்த்தான் பூட்டுவார்கள். ஹட்டன் பெண்ணும் கூடப் போகிறார், மடியில் ஒரு டப்பா. அதில் நிரப்பிய கூம்புகள் இரண்டு, உபரி ரோசாக்கள் ஒரு டசின், ஒடிந்த சரிகைக்கு மாற்றுத் துண்டுகள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரக்சர் திரும்பி வரவேண்டும். வரும்போது கீழ்த்தட்டில் பாதி ரோசா இருக்காது, பிள்ளைகள் பிடுங்கி நக்கியிருப்பார்கள். அதற்கு அக்கா வைப்புப் பணத்தில் கை வைப்பதில்லை. தொங்கு சரிகை உடைந்திருந்தால் வைப்பார், உறவுக்காரராக இருந்தாலும்.