நந்தி மலை அடிவாரத்தில்

எங்கள் ஆரணித் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போய்த் திரும்பியவனைப் பார்த்து, "என்ன பார்த்தீங்க?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "இன்னா வாங்கியாந்தீங்க?" என்றுதான் கேட்பார்கள். சென்ற பிப்ரவரியில் நான் இரண்டு நாள் ஊரில் இல்லாமல் திரும்பியபோதும் அதே கேள்விதான். பையைத் திறந்து இரண்டு கிலோ கறுப்புத் திராட்சையைக் காட்டினேன். எல்லோரும் ஆளுக்கு நாலு பழம் வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே போனேன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாசகர்களிடம் மறைப்பானேன்? ஒயின் தயாரிக்கும் இடத்துக்குப் போயிருந்தேன்.

என் வயதுக்கும் என் தெருவுக்கும் இது பொருந்தாத யாத்திரைதான். ஆனால் என்னை அழைத்துப் போனவர் என்னைவிடப் பொருத்தமில்லாதவர். அடுத்த வீட்டுத் தறிக்காரர். அறுபது வயது. ஒன்பது வயதில் குழித்தறிக்குள் காலை விட்டவர், இன்னும் எடுக்கவில்லை. விடியற்காலையில் அவர் வீட்டு நாடா ஓடும் சப்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பது. அந்தச் சப்தம் நின்றுபோனால் ஒன்று மழைத் தண்ணீர் குழியில் ஊறிவிட்டது என்று அர்த்தம். அல்லது முதலாளியிடமிருந்து பாவு வரவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு ஒரே பையன். வேலூரில் நுண்ணுயிரியல் படித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் வேலை கிடைத்துப் போனான். "திராட்சைத் தோட்டத்தில் வேலை" என்று தகப்பனார் தெருவில் சொல்லி வைத்தார். பொய் இல்லை. ஆனால் ஆற்றைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை மட்டும் விட்டுவிட்டுப் பேசுவது போன்ற உண்மை அது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு எங்கள் வட ஆற்காடு ஜில்லாவுக்கு 1939-ல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை சாராயக் கடையைப் பார்க்காமலே வளர்ந்தது. கள்ளத்தனமாகக் குடித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கடை என்று ஒன்று இல்லை. 1971-ல் கடைகளைத் திறந்தார்கள். 1974-ல் மறுபடி மூடினார்கள். சரித்திரப் புத்தகத்தில் அது மூன்று வருஷக் கதை. ஒரு வரியில் எழுதிவிடலாம். என் நண்பரின் தகப்பனாருக்கு அந்த மூன்று வருஷம் போதுமானதாக இருந்தது. முதலில் கூலிப் பணம் போயிற்று. பிறகு மனைவியின் கம்மல். பிறகு முதலாளி நெய்யக் கொடுத்த பட்டு நூலையே எடை குறைத்து விற்றார். கடைசியில் தறிச்சட்டமே போயிற்று. கடையை மூடியபோது மூடுவதற்கு அந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை; மனிதரும் அதிக நாள் இருக்கவில்லை. ஒன்பது வயதுப் பையன் அடுத்தவர் வீட்டுத் தறியில் ஒத்தாசைக்கு உட்கார்ந்தது அப்போதுதான்.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்!

போளூர்ப் பக்கத்திலிருந்து பையனுக்குப் பெண் ஜாதகம் வந்தது. பொருத்தம் எல்லாம் நன்றாக இருந்தது. பெண் வீட்டார், "பையன் தோட்டத்துல இன்னா வேலை செய்யறாரு? மேஸ்திரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி நண்பர் என் திண்ணைக்கு வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு தபா நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்னு இருக்கேன். நீங்க நாலு எடம் பார்த்தவரு. கூட வரணும்" என்றார்.

நாலு இடம் பார்த்தவன் என்று என்னைச் சொன்னால் ஐந்தாவது இடத்துக்கு உடனே கிளம்பிவிடுவேன். இது என்னுடைய பலவீனம்.

இருட்டோடு ஆரணியை விட்டு, வேலூர், சித்தூர், கோலார் வழியாகப் போனோம். வழியில் சிட்லகட்டாவில் இறங்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பட்டுக்கூட்டு மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர் அது. ஐம்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவர், பட்டு பிறக்கும் இடத்தைப் பார்த்ததில்லை. தட்டுத் தட்டாக வெள்ளையும் மஞ்சளுமாய்க் கூடுகள் குவிந்து கிடந்தன. நண்பர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே புழு 'லொடக்' என்றது. சட்டென்று கீழே வைத்துவிட்டார். "உசிரோட இருக்குது" என்றார். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அதற்குள் விற்றுக் கொதிநீரில் போட்டு நூல் எடுக்க வேண்டும். ஆகையால் கொண்டு வந்த குடியானவனுக்குப் பேரம் பேச நேரம் கிடையாது. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த விஷயத்தில் பட்டுக்கூடும் திராட்சையும் ஒரு ஜாதி என்பதை அன்று பிற்பகலே தெரிந்துகொண்டோம்.

அந்தப் பிரதேசத்தில் ஒரு பக்கம் முசுக்கொட்டை, இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல். சாப்பிடும் திராட்சை அங்கே பழையது. 'பெங்களூர் புளூ' என்ற கறுப்பு ரகத்துக்கு 2013-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். ஒயின் திராட்சைதான் புதிது. கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சுக்காரர்களை யோசனை கேட்டு, பல ரகங்களை நட்டுப் பார்த்து, நந்தி மலை அடிவாரத்தில் 1988-ல் தம் கம்பெனியை ஆரம்பித்தார். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் இது இன்னும் பெரிய அளவில் வளர்ந்தது; ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து ஆரம்பித்த சூலா கம்பெனியின் முதல் ஒயின் வெளிவந்தது 2000-ல். கர்நாடக அரசாங்கம் ஒயினுக்கென்று தனிக் கொள்கையும் தனி வாரியமும் வகுத்தது 2007-ல். பிரான்சில் ஆயிரம் வருஷக் கணக்குப் பேசுகிறார்கள். இங்கே ஆரம்பித்தவர்களின் பிள்ளைகளே இன்னும் கிழவர்களாகவில்லை.

வெயில் நாட்டில் இந்தக் கொடிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். நம் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டுகிறார்கள். கோடையில் ஒரு வெட்டு, கொடியைத் தயார் செய்ய. மழைக்காலம் முடியும் சமயத்தில் இன்னொரு வெட்டு, பழத்துக்காக. அப்படிச் செய்தால் பழம் பனிக்கால முடிவில் பழுக்கிறது. பகலில் வெயில், இரவில் குளிர் என்று இரண்டும் வேண்டுமாம். கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் அந்தக் குளிர் கிடைக்கிறது. வேரோ இந்தக் கொடியின் சொந்த வேர் அல்ல. 'டாக்ரிட்ஜ்' என்ற முரட்டு அமெரிக்க ரகத்தின் வேரில் பிரெஞ்சு ரகத்தை ஒட்டி, கன்னட மண்ணில் நட்டிருக்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அழகைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? பின்னால் நந்தி மலை ஒரு பெரிய எருது படுத்தாற்போல் கிடக்கிறது. அதன் காலடி வரை கொடி வரிசைகள், பாவு நீட்டிக் கட்டினது போல இழை பிசகாமல் ஓடுகின்றன. "நல்லா இழுத்துக் கட்டியிருக்கான்" என்று நண்பரே ஒப்புக்கொண்டார். வரிசை முனைகளில் ரோஜாச் செடி. அழகுக்கு என்று நினைத்தேன்; பூஞ்சை நோய் வந்தால் ரோஜா முதலில் காட்டிக்கொடுக்கும் என்பது பழைய நம்பிக்கையாம். பெங்களூரிலிருந்து காரில் வந்த இளைஞர்களும் யுவதிகளும் கொடிகளின் நடுவே விதவிதமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, பெண் அரக்குப் பட்டுச் சேலையில். நண்பர் தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பவர்லூம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாமலிருப்பதே நல்லது.

பையன் எங்களை எதிர்பார்த்து வாசலில் நின்றான். இவன் இருப்பது விளம்பரமில்லாத ஒரு சின்ன நிலையம். "வா நைனா, வாங்க பெரியப்பா" என்றவன் கையைக் கூப்பினான். நண்பர் அந்தக் கைகளையே பார்த்தார். விரல் இடுக்கெல்லாம், நகக்கண்ணெல்லாம் கறுஞ்சிவப்பு.

"இன்னாடா இது, சாயக்காரன் கை மாதிரி?"

"சாறுதான் நைனா. சீசன் முடியற வரைக்கும் போவாது."

உள்ளே அழைத்துப் போனான். ஆளுயரத்துக்கு மேல் எவர்சில்வர் தொட்டிகள். எங்கேயும் அடுப்பில்லை. "எங்கேப்பா காய்ச்சறீங்க?" என்று கேட்டேன். "காய்ச்சறதில்லை பெரியப்பா. காய்ச்சி வடிச்சா அது சாராயம், பிராந்தி. இது புளிக்க வைக்கிறது" என்றான். பழத்தை நசுக்கினால் வருவது கிட்டத்தட்ட வெளுத்த சாறுதானாம். சிவப்பு எல்லாம் தோலில் இருக்கிறது. தோலோடு ஊறவிட்டால் சிவப்பு ஒயின். தோலை முதலிலேயே பிரித்துவிட்டால் வெள்ளை. ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத பிராணி சர்க்கரையைத் தின்று மதுவாக மாற்றுகிறது. புளிக்கும்போது தோலெல்லாம் மேலே வந்து ஆடை போல மூடிக்கொள்ளும். ராவும் பகலும் அதை அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சூடேறிக் கெட்டுவிடும். பையன் ஏணியில் ஏறி நீண்ட கட்டையால் அமுக்கிக் காட்டினான். குமிழி குமிழியாக நுரைத்துக்கொண்டு ஒரு வாசனை வந்தது. எனக்குப் பரவாயில்லை. நண்பர் வாசல் பக்கம் போய் நின்றுவிட்டார். அந்த வாசனை அவருக்கு 1972.

சற்றுப் பொறுத்துத் தாமாகவே திரும்பி வந்தார். பையன் ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, சூரிய வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குவளையை வாங்கி அவரும் பார்த்தார். அவர் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும்; ஒரே சாயத் தொட்டியில் நனைந்த இரண்டு கண்டு நூலில் எது முதலில் எடுத்தது என்று சொல்வார்.

"அரக்குன்னு சொல்ல முடியாது. ஓரத்துல கத்தரிப்பூ ஓடுது" என்றார்.

"அதான் நைனா! புதுசுன்னா அந்த ஓரம் ஊதாவா இருக்கும். வருஷம் ஆவ ஆவச் செங்கல் நிறமாயிடும். இதை நான் கத்துக்க ஆறு மாசம் ஆச்சு" என்றான் பையன். அவன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அவனுடைய பரீட்சை முடிவு வந்த அன்றுகூடப் பார்த்ததில்லை. தகப்பனார் குவளையை அப்படியே திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நாவற்பழம் தின்ற நாக்குப் போலத் துவர்த்தது. இதற்குப் போய் உலகம் இத்தனை புகழ்மாலை சூட்டுவானேன் என்பது என் அபிப்பிராயம். பழகினால் தெரியுமாம். பழகும் உத்தேசம் இல்லை.

மத்தியானம் புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அப்போதுதான் நண்பர் வந்த காரியத்துக்கு வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். நிஜத்தைச் சொல்லு. இதைக் குடிச்சு எவன் வூடாவது அழிஞ்சிருக்குமா?"

பையன் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டான். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால், இது பணக்காரர் பானம், சாப்பாட்டோடு ஒரு குவளை குடிப்பது, சாராயத்தோடு சேர்க்கக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருப்பேன். அந்த வாதங்கள் வாசலில் அச்சடித்த துண்டுக் காகிதத்திலேயே இருந்தன.

"அழிஞ்சிருக்கும் நைனா. நூத்துக்குப் பன்னண்டு, பதிமூணு பங்கு ஆல்கஹால் இருக்குது. விலை ஜாஸ்தி, வேகம் கம்மி. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான்.

நண்பர் தலையை ஆட்டினார். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டுடுவேன். உங்க தொட்டி கெட்டுப்போச்சுன்னா இன்னா பண்ணுவே?" என்று கேட்டார்.

"முடிச்சு கெடையாது. கொட்டிட வேண்டியதுதான். அதனாலதான் ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்து பார்க்கறது."

"தனியாவா?"

"தனியாதான்."

அதற்குப் பிறகு அவர்கள் வேறு ஏதேதோ பேசினார்கள். பையன் சம்பளம், அறை வாடகை, சளி. நான் எழுந்து கொடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். திரும்பியபோது நண்பர் தம் துண்டை நனைத்துப் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போகவில்லை. "புளி வெச்சுத் தேய்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு பையன் அறையில் படுத்தோம். இரண்டு மணிக்கு அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினபோது, இன்னொருவரும் சத்தமில்லாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனது எனக்குத் தெரியும். நான் தூங்குகிறாற்போல் இருந்துவிட்டேன்.

ஊர் திரும்பிய நாலாம் நாள் போளூரிலிருந்து தரகர் வந்தார். தறிச் சப்தம் நின்றது. நண்பர் குழியிலிருந்து ஏறி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "பையன் திராட்சையில ஒயின் பண்ற எடத்துல இருக்கான். சரக்கு கெடாம பார்த்துக்கற வேலை. அவன் குடிக்கறதில்லை. அவங்க தாத்தா குடிச்சாரு. ரெண்டையும் சொல்லிடுங்க" என்றார். தரகர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நண்பர் மறுபடி குழியில் இறங்கினார். நாடா ஓட ஆரம்பித்தது.

பெண் வீட்டாரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.